அளவுநாடாவோடு ஒரு பாடவேளை: உள்ளக வடிவமைப்புப் படிப்பை நம் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துதல்

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி நூலக அறைக்குப் புதிய புத்தக அடுக்குகள் செய்வதென்று பள்ளி மேலாண்மைக் குழுவில் முடிவானது. உள்ளூர் ஆசாரி ஒருவர் வேலையை எடுத்துக்கொண்டார். அளவெடுக்க அவருடைய மகன் வந்தார். என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். இப்போது இருபத்தாறு வயது. டேப்பை விரித்துச் சுவரை அளப்பார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது வேறு.

"டீச்சர், இந்தப் புத்தகத்தையெல்லாம் எந்த வகுப்புப் பிள்ளைங்க எடுப்பாங்க?"

"ஆறிலிருந்து பத்து வரைக்கும் எல்லாரும்தான்."

"ஆறாவதுல ரொம்பக் குட்டையான பிள்ளை ஒண்ணைக் கூப்பிடுங்க."

வந்த சிறுமியைச் சுவரோரம் நிறுத்தி, எக்காமல் கையைத் தூக்கச் சொன்னார். விரல்நுனி எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். தரையிலிருந்து 153 செ.மீ. "நீங்க குடுத்த படத்துல மேல்தட்டு ஆறடியில இருக்கு டீச்சர். அது உங்களுக்குத்தான் எட்டும். பிள்ளைங்க நாற்காலியப் போட்டு ஏறும், விழும். கீழ ரெண்டு தட்டைக் கூட்டி, மேல ஒண்ணைக் குறைச்சிடலாம். பழைய பதிவேடெல்லாம் மட்டும் மேல போகட்டும்."

"இதையெல்லாம் எங்கப்பா படிச்ச?" என்று கேட்டேன், பாராட்டாகத்தான்.

"எங்க டீச்சர் படிச்சேன்?" என்று சிரித்துவிட்டு டேப்பைச் சுருட்டினார்.

அந்தச் சிரிப்பு அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டுத்தான் கட்டுரைக்குள் போக வேண்டும்.

பத்தாம் வகுப்பில் அவனுக்குக் கணக்கில் 52 மதிப்பெண். நோட்டின் பின்பக்கம் முழுக்க வீடு, பரண், அலமாரி, மடக்குக் கட்டில் என்று வரைந்து வைத்திருப்பான். பதினொன்றாம் வகுப்புக்கு எந்தப் பிரிவு என்று கேட்க அப்பாவும் பிள்ளையுமாக என்னிடம் வந்தபோது, "கணக்குப் பிரிவு இவனுக்குச் சுமை, வணிகவியல் எடுக்கட்டும்" என்று சொன்னவள் நான். இரண்டு ஆண்டு கழித்து, கட்டடக்கலை படிக்க வேண்டும் என்று வந்து நின்றான். மேல்நிலையில் கணிதம் இல்லாமல் பி.ஆர்க். சேர முடியாது என்று அப்போதுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். "இனி வழியில்லப்பா" என்று சொல்லி அனுப்பினேன். அது இரண்டாவது தவறு. வழி இருந்தது. உள்ளக வடிவமைப்பு என்று தனியாக ஒரு பட்டப்படிப்பு இருப்பதும், அதில் பல இடங்களில் எந்தப் பிரிவில் படித்தவரும் சேரலாம் என்பதும் எனக்குத் தெரியாது. தெரியாததை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஓராண்டில் நான் தேடிப் படித்ததையும், வகுப்பறையில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

திரைச்சீலை தேர்ந்தெடுப்பதல்ல

இன்டீரியர் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பொய்க்கூரை, வண்ண விளக்கு, திரைச்சீலை. அது உள் அலங்காரம். பல்கலைக்கழகத்தில் உள்ளகக் கட்டடக்கலை, உள்ளக வடிவமைப்பு என்ற பெயர்களில் கற்பிக்கப்படுவது, ஏற்கெனவே எழுந்து நிற்கும் நான்கு சுவருக்குள் மனிதர் எப்படி நடப்பார், உட்காருவார், வேலை செய்வார், மூச்சு விடுவார் என்பதை அளந்து அதற்கேற்ப இடத்தை மாற்றியமைக்கும் படிப்பு. எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எதை எடுக்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் போகும் தடம் தெரிய வேண்டும். மரம், ஒட்டுப்பலகை, சுண்ணாம்பு, கண்ணாடி, துணி ஆகியவை வெயிலிலும் ஈரத்திலும் என்ன ஆகும் என்பது தெரிய வேண்டும். வீடு மட்டுமல்ல, மருத்துவமனை, கடை, அலுவலகம், அருங்காட்சியகம், ரயில்பெட்டி, பள்ளிக்கூடம் எல்லாமே இதன் களம்.

முதலாண்டில் பெரும்பாலும் கணினியைத் தொடவிடுவதில்லை. கையால் வரைய வேண்டும். ஒரு நாற்காலியையோ அறையையோ நேரில் அளந்து, மேலிருந்து பார்த்தால் தெரியும் தரைப்படம், முன்னிருந்து பார்க்கும் முகப்புப் படம், கத்தியால் அறுத்துப் பார்த்தது போன்ற வெட்டுப்படம் என்று மூன்றாக வரைய வேண்டும். பிறகு அட்டையில் மாதிரி செய்ய வேண்டும். வண்ணம், ஒளி, மனித உடலளவுகள், கட்டடக்கலை வரலாறு ஆகியவை கூடவே வரும். அடுத்த ஆண்டுகளில் கணினி வரைவு, பொருள்களின் விலைக் கணக்கு, தச்சரும் கொத்தனாரும் பார்த்து வேலை செய்யக்கூடிய வேலைப்படம், ஒரு நிறுவனத்தில் பயிற்சி, கடைசியில் தனித் திட்டம். பட்டத்துக்கு எத்தனை ஆண்டு என்பது நிறுவனத்தைப் பொறுத்தது.

தேர்வு முறையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது அங்கேதான். எழுத்துத் தேர்வுகளும் உண்டு. ஆனால் முதன்மையான பாடத்துக்கு மதிப்பீடு 'ஜூரி' என்ற முறையில் நடக்கும். வரைந்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு, ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்த வல்லுநர்களும் கேட்கும் கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டும். ஏன் கதவை இங்கே வைத்தாய்? ஏன் இந்த உயரம்? பதிலை மனப்பாடம் செய்துகொண்டு போக முடியாது. பன்னிரண்டு ஆண்டு 'சரியான விடை' எழுதிப் பழகிய பிள்ளைக்கு முதல் ஜூரியில் கால் நடுங்கும். அதுவும் ஆங்கிலத்தில் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒரு சமையலறையின் கதை

இந்தப் படிப்பில் உலகெங்கும் வகுப்பறைகளில் காட்டப்படும் ஓர் எடுத்துக்காட்டு பிராங்க்பர்ட் சமையலறை. அதை நான் ஒன்பதாம் வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். கதையாகவே கேட்டார்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் வீடில்லாதவர் ஏராளம். பிராங்க்பர்ட் நகரம் எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரின் பொறுப்பில் ஆயிரக்கணக்கான சிறு வீடுகளைக் கட்டத் தொடங்கியது. அவற்றுக்குச் சமையலறை வடிவமைக்கும் பணி 1926இல் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண்ணிடம் வந்தது. அவருக்கு அப்போது வயது 29. கிடைத்த இடம் ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். அவர் அழகைப் பற்றி முதலில் யோசிக்கவில்லை. சமைக்கும்போது ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார். ரயிலின் உணவுப்பெட்டியில் அவ்வளவு சிறிய இடத்தில் அத்தனை பேருக்கு எப்படிச் சமைக்கிறார்கள் என்றும் பார்த்தார்.

விளைவு, கை நீட்டினால் எல்லாம் எட்டும் ஓர் அறை. ஜன்னலடியில் காய் நறுக்கும் மேசை. உட்கார்ந்து வேலை செய்யச் சுழலும் முக்காலி. அரிசி, சர்க்கரை போன்றவற்றை அப்படியே இழுத்துக் கொட்டும்படி மூக்கு வைத்த அலுமினியப் பெட்டிகள். மடக்கிச் சுவரோடு சாத்தும் இஸ்திரிப் பலகை. பக்கத்து அறையோடு சேர்க்கும் தள்ளுகதவு. ஏறத்தாழ பத்தாயிரம் வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இன்று நம் ஊர்க் கடைகளில் 'மாடுலர் கிச்சன்' என்று விற்கப்படுவதற்கு இதுவே முன்னோடி.

கதையை இத்தோடு நிறுத்தினால் அது வெறும் புகழ்ச்சி. இந்தச் சமையலறைக்குப் பலத்த விமர்சனமும் உண்டு. ஒருவர் மட்டுமே நிற்க முடியும். உதவிக்கு இன்னொருவர் உள்ளே வந்தால் இடிக்கும். சமைப்பது ஒரே ஒரு பெண்ணின் வேலை, தனியாகச் செய்யும் வேலை என்று அந்த அறையே சொல்லிவிடுகிறது. அதை வடிவமைத்தவரோ அதற்கு முன்பு தாம் சமைத்ததே இல்லை என்று பிற்காலத்தில் சொன்னார். 'அப்ப எங்கம்மாகிட்ட கேட்டிருக்கணும்' என்றாள் ஒரு மாணவி. ஜூரியில் கேட்க வேண்டிய கேள்வி அது!

மறுநாள் வீட்டுப்பாடம்: இரவுச் சமையல் நேரத்தில் அம்மாவோ பாட்டியோ, யார் சமைக்கிறார்களோ அவர்கள், அடுப்பு, தண்ணீர், மிக்சி, பாத்திரம் கழுவும் இடம் இவற்றுக்கிடையே எத்தனை தடவை நடக்கிறார்கள் என்று கோடு போட்டு எண்ணி வருவது. பையன்களும்தான். ஒரு மாணவனின் தாளில், அடுப்புக்கும் வாசல் குழாய்க்கும் இடையே மட்டும் 23 கோடு. வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. குடத்தை வைக்க அடுப்புக்குப் பக்கத்தில் இடுப்புயரத்தில் ஒரு திட்டு இருந்தால் குனிவது குறையும் என்று அவனே எழுதியிருந்தான். அந்தத் தாளுக்கு மதிப்பெண் போட எனக்குக் கை வரவில்லை. வாங்கி பீரோவில் வைத்துக்கொண்டேன்.

வகுப்பறையை அளந்தோம்

அடுத்து எங்கள் வகுப்பறையையே எடுத்துக்கொண்டோம். தேவையானவை: ஐந்து மீட்டர் டேப் இரண்டு, வரைபடத்தாள், பழைய அழைப்பிதழ் அட்டைகள், கத்தரிக்கோல். ஆன நேரம் நான்கு பாடவேளை. இரண்டில் முடியும் என்று திட்டமிட்டிருந்தேன்.

முதலில் அளக்காமல் ஊகிக்கச் சொன்னேன். அறையின் நீளம் 5 மீட்டர் என்றார்கள், 12 மீட்டர் என்றும் சொன்னார்கள். அளந்தால் 7.20 மீட்டர், அகலம் 6.00 மீட்டர். 34 பேரில் நெருங்கி வந்தவர்கள் மூன்று பேர், அதில் இருவர் கொத்தனார் வீட்டுப் பிள்ளைகள். சென்டிமீட்டர், மீட்டர் மாற்றும் கணக்கைப் பிழையில்லாமல் போடும் பிள்ளைக்கு ஒரு மீட்டர் கண்ணுக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. இது என் பாடம் நடத்தும் முறையில் உள்ள ஓட்டை என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு மூலைவிட்டம். அறை உண்மையிலேயே செவ்வகமாக இருந்தால் பிதாகரஸ் தேற்றப்படி இரண்டு மூலைவிட்டமும் 9.37 மீட்டர் வர வேண்டும். டேப் ஐந்து மீட்டர்தான் என்பதால் நூல் பிடித்து அளந்தோம். ஒன்று 9.41, இன்னொன்று 9.33. தப்பாக அளந்துவிட்டோம் என்று பதறி மூன்று தடவை அளந்தார்கள். மாறவில்லை. அறைதான் கோணல்! மூலைமட்டம் பிடிக்காமல் எழுப்பிய சுவர். எந்தக் கட்டடமும் காகிதத்தில் உள்ளபடி நிற்பதில்லை, அதனால்தான் உள்ளக வடிவமைப்பாளர் பழைய பிளானை நம்பாமல் நேரில் போய் அளக்கிறார் என்பதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கொத்தனார்கள் கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து அளந்து மூலை பார்ப்பதையும் ஒரு மாணவனே செய்து காட்டினான்.

அடுத்தது அளவுத்திட்டம். 1:50 எடுத்தோம். அறை தாளில் 14.4 செ.மீ.க்கு 12 செ.மீ. ஆனது. 23 செ.மீ. சுவரின் கனம் 4.6 மி.மீ. ஆறாம் வகுப்பில் படித்த விகிதமும், பத்தாம் வகுப்பில் வரப்போகும் வடிவொத்த உருவங்களும் இங்கே ஒரே தாளில் சந்திக்கின்றன. சுவருக்கும் கனம் உண்டு, அதை ஒற்றைக் கோடாக வரையக் கூடாது என்பது பிள்ளைகளுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. அதுவரை எல்லா வீடும் ஒற்றைக் கோட்டு வீடுதான்.

இருவர் உட்காரும் பெஞ்சும் டெஸ்க்கும் சேர்ந்து 1.20 மீட்டருக்கு 0.90 மீட்டர். அட்டையில் 2.4 செ.மீ.க்கு 1.8 செ.மீ. துண்டுகள் பதினேழு வெட்டிக்கொண்டார்கள். 'எப்படி வேண்டுமானாலும் அடுக்குங்கள், ஆனால் காரணம் சொல்ல வேண்டும்' என்றேன்.

இங்கேதான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. எங்கள் வகுப்பில் ஒரு மாணவி ஊன்றுகோல் பிடித்து நடப்பவள். ஆறாம் வகுப்பிலிருந்தே கதவோரம் முதல் பெஞ்சில்தான் அவள் இடம். அவளுக்கு வசதி என்று நாங்கள் வைத்தது. அட்டைத் துண்டுகளை நகர்த்திக்கொண்டிருந்த குழுவில் ஒருத்தி அவளிடம், "நீ எங்க உக்காரணும்?" என்று கேட்டாள். "ஜன்னல் பக்கம், உங்க கூட" என்றாள். மூன்றாண்டாக யாரும் அவளைக் கேட்கவில்லை. நானும்தான்.

ஏன் அங்கே போக முடியவில்லை என்று அளந்தார்கள். வரிசைகளுக்கு இடையில் வழி 60 செ.மீ. இரண்டு ஊன்றுகோலோடு போகப் போதாது. சக்கர நாற்காலி போக 90 செ.மீ. வழி வேண்டும் என்பது இத்துறையில் அடிப்படை அளவு. அதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். இருக்கும் அகலம் 6 மீட்டர். மூன்று வரிசை பெஞ்சுக்கு 3.60 போனால் மீதி 2.40. அதை நான்கு இடைவெளிக்கும் சமமாகப் பிரித்ததால்தான் அறுபது அறுபதாக வந்தது. ஜன்னல் பக்க வரிசையைச் சுவரோடு ஒட்டிவிட்டு, அதற்கடுத்த வழியை 90ஆகவும் மற்ற இரண்டை 75ஆகவும் வைத்தால் கணக்கு சரியாக முடிகிறது. ஆனால் சுவரோரம் உட்காருகிறவள் எழுந்து வெளியே வரப் பக்கத்துப் பிள்ளை எழ வேண்டும். இதற்கு எதிர்ப்பு வந்தது. ஒரு பாடவேளை முழுக்க வாதம். கடைசியில் ஜன்னல் வரிசைக்கு வாரம் ஒரு முறை ஆள் மாறுவது என்று முடிவு செய்தார்கள். வடிவமைப்பு என்பது எல்லாருக்கும் எல்லாமும் கொடுப்பதல்ல, யாருக்கு எதை விட்டுக்கொடுப்பது என்பதுதான் என்று எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

உற்சாகத்தில் வெளியே போய்ச் சாய்தளத்தையும் அளந்தார்கள். தரையிலிருந்து 45 செ.மீ. உயரம். சாய்தளத்தின் நீளம் 3 மீட்டர். 1:12 சரிவு என்ற பொதுவிதிப்படி 5.4 மீட்டர் இருக்க வேண்டும். அவள் ஏன் அதில் ஏறாமல் படியில் ஏறுகிறாள் என்பதும் அன்றுதான் புரிந்தது. படத்தோடு தலைமை ஆசிரியரிடம் மனு கொடுத்திருக்கிறார்கள்.

தொடக்க வகுப்புகளில் டேப்பும் அளவுத்திட்டமும் வேண்டாம். ஒரு செம்பு போதும். 1958இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் வந்து சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது. இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களிலேயே மிகச் சிறந்ததாக அவர்கள் வியந்து எழுதியது நம் வீட்டுச் செம்பைத்தான். மூன்றாம் வகுப்பில் ஒரு செம்பை நடுவில் வைத்து, கழுத்து ஏன் ஒடுங்கியிருக்கிறது, விளிம்பு ஏன் வெளியே மடிந்திருக்கிறது, நிறைய நீர் இருந்தால் எப்படிப் பிடிப்பாய், உள்ளே கை விட்டுத் தேய்க்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். என் தோழி கேட்டாள். ஒரு வகுப்பு முழுவதும் போதவில்லையாம்.

எங்கே, எப்படிச் சேரலாம்

இந்தப் பகுதியைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்ப்பதே சரி.

பி.ஆர்க். ஐந்தாண்டுப் படிப்பு. மேல்நிலையில் கணிதம் படித்திருக்க வேண்டும். நாட்டா தேர்வு அல்லது ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் கட்டடக்கலைத் தாள் எழுத வேண்டும். இரண்டிலும் வரைதல் உண்டு. இதைப் படித்துவிட்டு உள்ளக வடிவமைப்புக்குப் போவோரும் பலர். ஆகவே பத்தாம் வகுப்பில் நன்றாக வரைகிற பிள்ளையிடம் 'கணக்கு வேண்டாம்' என்று சொல்லுமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள்.

நேரடியாக உள்ளக வடிவமைப்பு படிக்க விரும்பினால், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அறைகலன், உள்ளக வடிவமைப்பு என்ற பிரிவு பி.டெஸ். பட்டத்தில் இருக்கிறது. எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவரும் எழுதலாம். வயது வரம்பு உண்டு என்பதால் தள்ளிப்போடக் கூடாது. அதே நகரில் உள்ள செப்ட் பல்கலைக்கழகம் இந்தப் பாடத்தை 1991 முதல் தனிப் புலமாகக் கற்பித்து வருகிறது. நம் மாநிலத்திலும் பல கல்லூரிகளில் உள்ளக வடிவமைப்புப் பட்டப்படிப்பு உண்டு. பத்தாம் வகுப்போடு தொழிற்கல்விக்குப் போகும் பிள்ளைக்கு ஐ.டி.ஐ.யில் உள்ளக வடிவமைப்பும் அலங்காரமும் என்ற தொழிற்பிரிவு இருக்கிறது. கட்டட வரைவாளர் பிரிவும் இதே பாதையில்தான் கொண்டுசேர்க்கும்.

இனி ஓர் எச்சரிக்கை. 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டடக்கலைக் குழுமத்தில் பதிவு செய்தவர் மட்டுமே 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ள முடியும். உள்ளக வடிவமைப்பாளர் என்ற பெயருக்கு அப்படி ஒரு சட்டக் காப்பு நம் நாட்டில் இல்லை. யாரும் போட்டுக்கொள்ளலாம்; யாரும் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்துப் பயிற்சி நிலையமும் நடத்தலாம். ஆறு மாதத்தில் வடிவமைப்பாளர் ஆகலாம் என்ற விளம்பரத்தை நம்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். கிடைத்தது ஒரு சட்டம் போட்ட சான்றிதழ். எனவே பெற்றோர் நம்மிடம் கேட்கும்போது மூன்று கேள்வியை எழுதிக் கொடுங்கள்: பட்டம் கொடுப்பது எந்தப் பல்கலைக்கழகம், அது பல்கலைக்கழக மானியக்குழுவின் பட்டியலில் இருக்கிறதா, கட்டணத்துக்கு மேல் அட்டை, தாள், கருவி, பயணம் என்று ஆண்டுக்கு எவ்வளவு ஆகும். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. மாதிரி செய்யும் அட்டையும் பசையும் அச்சுச் செலவும் கூடிக்கொண்டே போகும். கணினி ஒன்றும் வேண்டும். கல்விக்கடன் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நுழைவுத் தேர்வின் வரைதலுக்குப் பெரிய நகரத்துப் பயிற்சி வகுப்புக்குப் போக நம் பிள்ளைகளால் முடியாது. தினமும் அரைமணி நேரம், கண்ணால் கண்ட ஒரு பொருளை வரைவது பெரிய பயிற்சி. பேருந்து நிறுத்தத்தின் கூட்டம், டீக்கடையின் மேடை, வீட்டுத் திண்ணை. அச்சுப்படத்தைப் பார்த்து வரைவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஓவிய ஆசிரியர் இருக்கும் பள்ளி என்றால் கணக்கு ஆசிரியரும் ஓவிய ஆசிரியரும் மாதம் ஒரு பாடவேளை சேர்ந்து எடுக்கலாம். காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி என்றால் இன்னும் வசதி. முற்றம் வைத்த வீடுகள் ஒளிக்கும் காற்றுக்கும் பாடம். ஆத்தங்குடிப் பூக்கல், சூளையில் சுடாமல், கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக்கலவையும் சிமென்டும் ஊற்றி, நீரில் ஊறவைத்தே கெட்டியாக்கப்படுவது. பட்டறையில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தால் போதும், மாணவருக்கு ஒரு பொருளைப் பற்றிச் சொந்தமாகச் சொல்ல ஏதோ ஒன்று இருக்கும். ஜூரியில் அதுதான் வேண்டும்.

நாங்கள் இப்போது வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஒரு சிறு ஜூரி நடத்துகிறோம். ஒருவர் தன் படத்தைச் சுவரில் ஒட்ட வேண்டும். மற்றவர்கள் 'நல்லா இருக்கு', 'நல்லா இல்ல' என்ற இரண்டு சொல்லையும் பயன்படுத்தாமல் கேள்வி கேட்க வேண்டும். தமிழில்தான். முதல் மாதம் அழுதவர்களும் உண்டு.

நூலக அடுக்கு செப்டம்பரில் வந்தது. பொருத்திவிட்டுப் போகுமுன் அந்தத் தம்பியிடம் எங்கள் வகுப்பறைத் தாளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "டெஸ்க் அளவு சரி டீச்சர். ஆனா பையை எங்க வைப்பாங்கன்னு யாரும் போடலையே. 34 பை தரையில கிடந்தா அந்த 90 எங்க இருக்கும்?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவரையே ஜூரிக்கு அழைத்தேன். வந்தார். பிள்ளைகள் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை என்று கதவோரமே நின்றார். பிறகு ஒரு பையன் பைமாட்டும் கொக்கியைச் சுவரில் ஐந்தடி உயரத்தில் வரைந்திருப்பதைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டார். அவருடைய தங்கை இப்போது எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். கணக்கில் 48 வாங்குகிறாள். நோட்டின் பின்பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கோழிக்கூடு ஒன்று வரைந்திருக்கிறாள், வெட்டுப்படத்தோடு.